ஒவ்வொரு ஸ்கேனிலும் மாறும் பிரசவ தேதி... எதை நம்புவது?

முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் தேதிக்கு இருக்கும் மதிப்பு, எட்டாம் மாத ஸ்கேன் சொல்லும் தேதிக்குக் கிடையாது. ஆனால், பல வீடுகளில் 'பழசுதானே' என்று ஒதுக்கி வைக்கப்படுவது அந்த முதல் ரிப்போர்ட்தான்!

வளைகாப்பு முடிந்து, கை நிறைய கண்ணாடி வளையல்களோடு தாய்வீட்டுக்கு வருகிறார் ஒரு பெண். இத்தனை மாதங்களும் திருப்பூரில் கணவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில்தான் காட்டிவந்தார். பிரசவம் மட்டும் அம்மா ஊரில். புது மருத்துவமனை, புது டாக்டர். ஃபைலைப் புரட்டியதும் டாக்டர் கேட்கிறார்... "முதன்முதலா எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் எங்கம்மா?"

"அது பழசாச்சே டாக்டர், திருப்பூர்லயே இருக்கு. போன மாசம் எடுத்தது இதோ இருக்கு பாருங்க" என்று பதில் சொல்கிறார், பக்கத்தில் நிற்கும் அம்மா.

தமிழகத்தின் எந்த மகப்பேறு மருத்துவமனையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. புதிதாக வந்த ரிப்போர்ட்தான் சரியானது என்று நினைப்பது இயல்பு. ரத்தப் பரிசோதனைக்கு அது பொருந்தும். பிரசவ தேதிக்கு மட்டும் நேர்மாறு. அங்கே பழைய ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு குழந்தை, நான்கு தேதிகள்

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு தொடங்கியது ஜனவரி 5. அதன்படி பிரசவ தேதி அக்டோபர் 12. மார்ச் 11-ம் தேதி முதல் ஸ்கேன் எடுக்கிறார். மாதவிலக்குக் கணக்குப்படி அன்று 9 வாரம் 2 நாள் இருக்க வேண்டும். ஆனால், ஸ்கேனில் கருவின் அளவு 8 வாரம்தான் என்கிறது. பிரசவ தேதி அக்டோபர் 21 ஆகிறது.

ஜூன் 3-ம் தேதி, ஐந்தாம் மாத ஸ்கேன். ரிப்போர்ட்டில் 20 வாரம் 4 நாள் என்று வருகிறது. அதன்படி அக்டோபர் 17. ஆகஸ்ட் 26-ம் தேதி, எட்டாம் மாத ஸ்கேன். இப்போது 30 வாரம் 2 நாள்தான் என்கிறது ரிப்போர்ட். தேதி நவம்பர் 2-க்குப் போய்விட்டது.

அக்டோபர் 12, 21, 17, நவம்பர் 2. நான்கு காகிதங்களில் நான்கு தேதிகள். மாமியார் ஒரு தேதியை நினைவில் வைத்திருப்பார். அம்மா இன்னொன்றை. அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தது வேறொன்று. 'ஸ்கேன்காரங்க ஒழுங்கா பார்க்கலையோ' என்ற சந்தேகம் வேறு.

உண்மையில் யாரும் தவறு செய்யவில்லை. ஸ்கேன் மெஷினுக்கு இதற்கு முன் எடுத்த ஸ்கேன் பற்றி எதுவும் தெரியாது. அன்றைக்குக் கிடைத்த தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து, 'இந்த அளவு சராசரியாக எத்தனை வாரக் குழந்தைக்கு இருக்கும்' என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு பிரசவ தேதியையும் தானாகவே அச்சிட்டுவிடுகிறது. அது குழந்தையின் அளவைச் சொல்லும் தேதி. வயதைச் சொல்லும் தேதி, முதல் ஸ்கேனில் உறுதிசெய்யப்பட்ட அக்டோபர் 21 மட்டுமே.

'ஒன்பது மாதம் ஏழு நாள்' எங்கிருந்து வந்தது?

ஸ்கேன் வருவதற்கு முன்பிருந்தே மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ தேதி. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஃப்ரான்ஸ் நேகெலேயின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இந்தக் கணக்கைத்தான் இன்றும் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் முதலில் போடுகிறார்கள். மொத்தம் 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். நம் ஊரில் 'பத்து மாதம் சுமந்து பெற்றவள்' என்று சொல்வதும் கணக்குக்குப் பொருந்தித்தான் போகிறது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். 14-ம் நாளையொட்டி சினைமுட்டை வெளியாக வேண்டும். எத்தனை பெண்களுக்கு இப்படிக் கடிகாரம்போல நடக்கிறது?

35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு சினைமுட்டை வெளியாவதே சுமார் 21-ம் நாளில்தான். அங்கேயே ஒரு வாரம் பிசகிவிடும். பி.சி.ஓ.எஸ் பிரச்னையால் 45 நாள், இரண்டு மாதம் என்று தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு வித்தியாசம் இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். முதல் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும்போது, மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே கருவுறுபவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதற்குக் கடைசி தேதியே இருக்காது. கருத்தடை மாத்திரையை நிறுத்தியதும் கருவுற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு சரிப்பட்டு வராது.

இன்னொரு சிக்கல், நினைவில் வைத்திருக்கும் தேதி. 'தலைக்குக் குளிச்ச தேதி' என்று சிலர் சொல்வது மாதவிலக்கு தொடங்கிய நாளை அல்ல, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளித்த தேதியை. சிலருக்குத் தேதியே நினைவிருக்காது, 'ஆடிப்பெருக்குக்கு முன்னாடி' என்பதுதான் அடையாளம். கரு தரிக்கும் நேரத்தில் சிலருக்கு லேசாக ரத்தக்கசிவு ஏற்படும். அதையே மாதவிலக்கு என்று நினைத்துவிட்டால் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு மாதம் குறைந்துவிடும்.

'கல்யாணமாகி 5 வாரம்தானே ஆச்சு... ரிப்போர்ட்ல 7 வாரமா?'

புதிதாகத் திருமணமான பெண்கள் பலரை அழவைக்கும் கேள்வி இது. நாத்தனாரோ, மாமியாரோ, சில நேரங்களில் கணவரே கேட்பதுண்டு. ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு பெண்ணின் மேல் சந்தேகம் விழுவதைவிடக் கொடுமை வேறில்லை.

பதில் எளிமையானது. கர்ப்பகாலத்தை மருத்துவம் கணக்கிடுவது கரு உருவான நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து. கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக, கருவே இல்லாத இரண்டு வாரங்களும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஸ்கேன் மெஷினும் இதே முறையில்தான் வாரத்தைக் காட்டும். திருமணம் முடிந்த சில நாள்களில் கரு தரித்திருந்தால், ஐந்தாவது வாரம் எடுக்கும் ஸ்கேனில் 7 வாரம் என்று வருவதுதான் சரி. அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

இந்த விளக்கத்தை டாக்டரோ, நர்ஸோ குடும்பத்தினர் முன்னிலையில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டால், பல வீடுகளில் பெரிய மனக்கசப்புகள் தவிர்க்கப்படும். தயங்காமல் கேட்டு விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு சென்டிமீட்டர் கரு சொல்லும் வயது

கருவை ஒலி அலைகளால் பார்க்கும் முறைக்கு அடித்தளம் போட்டது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். இரும்புக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் பயன்படுத்திய கருவியைப் பார்த்த டாக்டர் இயான் டொனால்டுக்கு, இதை மனித உடலுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது. அவரும் அவருடைய குழுவினரும் 1958-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அதே நகரில் டாக்டர் ஹியூ ராபின்சன், கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையை 1973-ல் வெளியிட்டார். ரிப்போர்ட்டில் 'சி.ஆர்.எல்' என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பது இந்த அளவைத்தான்.

7 வாரத்தில் கருவின் நீளம் சுமார் 10 மி.மீ. ஒரு சென்டிமீட்டர்தான். 8 வாரத்தில் சுமார் 16 மி.மீ. 10 வாரத்தில் 32 மி.மீ-ஐ ஒட்டி. 12 வாரத்தில் சுமார் 54 மி.மீ. தொடக்க வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கரு வளர்கிறது. அதனால்தான் இந்தச் சின்ன அளவை வைத்து, ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் வயதைச் சொல்லிவிட முடிகிறது.

ஆறடி உயர அப்பாவின் குழந்தையோ, ஐந்தடிக்கும் குறைவான அம்மாவின் குழந்தையோ, இந்தக் கட்டத்தில் கருக்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. நாற்றங்காலில் ஒரே நாளில் விதைத்த நாற்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். வயலில் நட்ட பிறகு மண், நீர், உரத்தைப் பொறுத்து ஒன்று செழிக்கும், ஒன்று சவலையாகும். கருவும் அப்படித்தான். நான்காம் மாதத்துக்குப் பிறகு பரம்பரை, அம்மாவின் ஊட்டச்சத்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் செயல்பாடு எல்லாம் சேர்ந்து குழந்தையின் அளவைத் தீர்மானிக்கத் தொடங்குகின்றன. அளவை வைத்து வயதைச் சொல்வது அங்கிருந்து கடினமாகிக்கொண்டே போகும்.

அதற்காக அவசரப்பட்டு மிக முன்கூட்டியே எடுப்பதும் சரியல்ல. 5 வாரத்தில் கருப்பையில் கருவைச் சுற்றியிருக்கும் பை மட்டுமே தெரியும். 6 வாரத்தையொட்டித்தான் கருவும் இதயத் துடிப்பும் தெரியத் தொடங்கும். சினைமுட்டை தாமதமாக வெளியாகியிருந்தால், மாதவிலக்குக் கணக்கில் 7 வாரம் ஆன பெண்ணுக்கும் ஸ்கேனில் வெறும் பைதான் தெரியலாம். அன்றே மனமுடைந்து போக வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் 7 முதல் 14 நாள் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள்.

8 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை தேதியைக் கணிக்க நல்ல காலம். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் 'என்.டி ஸ்கேன்' இந்த வேலையையும் சேர்த்தே செய்துவிடும். அதில் கரு நேராகப் படுத்திருக்கும்போது அளக்க வேண்டும். சுருண்டிருந்தால் அளவு குறையும். சற்று நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுப்பதும் இதற்காகத்தான்.

தேதியை எப்போது மாற்றுவார்கள்?

முதல் ஸ்கேன் தேதியும் மாதவிலக்குத் தேதியும் ஓரிரு நாள் வேறுபட்டால், மாதவிலக்குத் தேதியே தொடரும். வித்தியாசம் அதிகமாக இருந்தால்தான் ஸ்கேன் தேதிக்கு மாற்றுவார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் வகுத்துள்ள வரையறை இது:

* 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேன்: 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்.

* 9 வாரம் முதல் 15 வாரம் 6 நாள் வரை: 7 நாளுக்கு மேல்.

* 16 வாரம் முதல் 21 வாரம் 6 நாள் வரை: 10 நாளுக்கு மேல்.

* 22 வாரம் முதல் 27 வாரம் 6 நாள் வரை: 14 நாளுக்கு மேல்.

* 28 வாரத்துக்குப் பிறகு: 21 நாளுக்கு மேல்.

மேலே பார்த்த உதாரணத்தில் 9 நாள் வித்தியாசம் இருந்ததால், முதல் ஸ்கேனின் அக்டோபர் 21 உறுதியானது. முக்கியமான விதி இனிமேல்தான். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனால் ஒருமுறை உறுதிசெய்யப்பட்ட தேதியை, அதற்குப் பிறகு வரும் எந்த ஸ்கேனை வைத்தும் மாற்றக் கூடாது. மேலே உள்ள பிந்தைய வரம்புகள் எல்லாம், அதற்கு முன் ஸ்கேனே எடுக்காதவர்களுக்கு மட்டும்.

ஐ.வி.எஃப் மூலம் கருவுற்றவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கருவைக் கருப்பையில் வைத்த தேதி தெரியும். ஐந்து நாள் வளர்ந்த கருவாக இருந்தால், வைத்த நாளிலிருந்து 261-வது நாள் பிரசவ தேதி.

தேதியை மாற்றினால் மறைந்துபோகும் ஆபத்து

'பத்து நாள் முன்ன பின்ன இருந்தா என்ன?' என்று தோன்றலாம். அதே பெண்ணின் எட்டாம் மாத ஸ்கேனுக்குத் திரும்பிப் போவோம். முதல் ஸ்கேன் கணக்குப்படி ஆகஸ்ட் 26 அன்று 32 வாரம். குழந்தையின் அளவோ 30 வாரம் 2 நாளுக்குத்தான் இருக்கிறது.

முதல் ரிப்போர்ட் கையில் இருந்தால் டாக்டருக்கு உடனே பொறி தட்டும். குழந்தை 12 நாள் வளர்ச்சி குறைந்திருக்கிறது. ஏன்? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா? பனிக்குட நீர் போதுமா? நஞ்சுக்கொடி வழியாக ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள், இரண்டு வாரத்தில் வளர்ச்சியை மறுபடி அளப்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். குழந்தை இயல்பாகவே சிறிய உடல்வாகாகவும் இருக்கலாம். ஆனால், அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

முதல் ரிப்போர்ட் இல்லாமல், கடைசி ஸ்கேனின் நவம்பர் 2-ஐயே பிரசவ தேதியாக எடுத்துக்கொண்டால்? அந்தக் கணக்குப்படி குழந்தை 30 வாரம், அதற்கேற்ற அளவு. எல்லாம் நார்மல்! போதிய ஊட்டம் கிடைக்காமல் தவிக்கும் குழந்தை, காகிதத்தில் ஆரோக்கியமான குழந்தையாகிவிடும். தேதியைத் தள்ளிவைத்ததும் எச்சரிக்கை மணி நின்றுபோகும். நவம்பர் 2 வரும்போது உண்மையில் 41 வாரம் 5 நாள் ஆகியிருக்கும். நஞ்சுக்கொடி தளர்ந்துபோன நிலையில் அத்தனை நாள் காத்திருப்பது வயிற்றுக்குள்ளேயே குழந்தையை இழக்கும் அளவுக்குப் போகலாம்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. கர்ப்பகால சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் குழந்தை வயதுக்கு மீறிப் பெருக்கும். ஸ்கேனில் தேதி முன்கூட்டி வரும். 'தேதி முன்னாடியே வந்துடுச்சு' என்று மகிழ்ந்துவிட்டால், கவனிக்க வேண்டிய சர்க்கரை கவனிக்கப்படாமல் போகும்.

நல்ல நாள் பார்ப்பதற்கு முன்...

மாதவிலக்குத் தேதியான அக்டோபர் 12-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் வேறு விதமான விளைவு. அக்டோபர் 19 வந்ததும் '41 வாரம் ஆகிவிட்டது, நாள் கடந்துவிட்டது' என்று வலி வருவதற்கு மருந்து கொடுக்க முடிவெடுக்கலாம். உண்மையில் அன்று 39 வாரம் 5 நாள்தான். உடல் பிரசவத்துக்குத் தயாராகாதபோது வலியைத் தூண்டி, பலன் இல்லாமல் சிசேரியனில் முடிவதும் உண்டு. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில், 41 வாரம் நிறைந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வலியைத் தூண்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 'உறுதி'யைத் தருவது ஆரம்ப ஸ்கேன். ஆரம்பத்தில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு 'நாள் கடந்துவிட்டது' என்ற காரணத்துக்காக வலி தூண்டப்படுவது குறைகிறது என்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பும் பதிவு செய்திருக்கிறது.

நட்சத்திரம், லக்னம் பார்த்து சிசேரியனுக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அதே பெண்ணுக்கு, '38 வாரம் ஆகிடுச்சே' என்று செப்டம்பர் 28-ல் நாள் குறித்தால், முதல் ஸ்கேன்படி அன்று 36 வாரம் 5 நாள்தான். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். நுரையீரல் முழுதாகத் தயாராகாமல் மூச்சுத்திணறலோடு, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்கள் வைக்க வேண்டிவரலாம். மருத்துவக் காரணம் ஏதும் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்வதில்லை என்பதே மருத்துவ நடைமுறை. இந்த உதாரணத்தில் அது அக்டோபர் 14-க்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும், குறித்த அதே தேதியில் பிறப்பது 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 தான். அந்தத் தேதியைச் சுற்றிய ஓரிரு வாரங்களில்தான் பெரும்பாலான பிரசவங்கள் நடக்கின்றன. அதனால், தேதி வந்தும் வலி வரவில்லையே என்று பதற வேண்டாம்.

ஆரம்ப ஸ்கேன் பாதுகாப்பானதா?

'மூணு மாசத்துக்குள்ள ஸ்கேன் எடுத்தா கருவுக்கு ஆகாது' என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. எக்ஸ்ரேபோல இதில் கதிர்வீச்சு கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலி அலைகள்தான். தேவைப்படும்போது, தேவையான நேரம் மட்டும் எடுத்தால் கவலைப்படத் தேவையில்லை. ஆசைக்காக அடிக்கடி எடுக்க வேண்டியதும் இல்லை.

தொடக்க வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் கரு தெளிவாகத் தெரியாதபோது, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்ப்பார்கள். கூச்சமாக இருக்கலாம், ஆனால் இதனால் கரு கலையாது. பெண் உதவியாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

ஸ்கேன் சென்டரில் அடையாள அட்டை கேட்பதும், 'ஃபார்ம் எஃப்' பூர்த்தி செய்யச் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படியான நடைமுறை. குழந்தை ஆணா, பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

முதல் மூன்று மாதம் தவறிவிட்டதா?

கர்ப்பம் என்றே தாமதமாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எடுத்துக் கர்ப்பத்தின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்தாம் மாத ஸ்கேனில் தலைச் சுற்றளவு உள்ளிட்ட அளவுகளை வைத்து, ஒரு வாரம், பத்து நாள் வித்தியாசத்தில் தேதி சொல்லிவிடலாம். 22 வாரம் தாண்டியும் ஸ்கேன் இல்லை என்றால், அது 'தேதி உறுதியில்லாத கர்ப்பம்' என்ற கவனத்தோடு பார்க்கப்பட வேண்டும். சில வாரங்கள் இடைவெளி விட்டு மறுபடி அளந்து, வளர்ச்சி சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தாமதமாக வரும் பெண்கள் இந்தியாவில் அதிகம் என்பதால், இந்தியக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டே கணக்கிடும் முறையை சென்னை ஐ.ஐ.டி-யும், ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2024-ல் அறிவித்தன. 'கர்ப்பிணி ஜி.ஏ-2' என்பது அதன் பெயர். நான்காம் மாதத்துக்குப் பிறகு வரும் பெண்களின் கர்ப்ப வயதை, மேலைநாட்டு சூத்திரங்களைவிடத் துல்லியமாகச் சொல்வதே அதன் நோக்கம்.

நம் மாநிலத்தில் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிவு செய்வது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அவசியம். பதிவுக்குச் செல்லும்போதே முதல் ஸ்கேன் பற்றியும் கேட்டுவிட்டால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

ஃபைலில் இருக்க வேண்டியவை

* மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளை மாதாமாதம் காலண்டரிலோ, போனிலோ குறித்துவையுங்கள். தலைக்குக் குளித்த நாளை அல்ல.

* சுழற்சி எத்தனை நாளுக்கு ஒருமுறை, சீரானதா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

* முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஸ்கேன் படம் அச்சிடும் தாள் நாளடைவில் மங்கிவிடும். அன்றே போனில் போட்டோ எடுத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவையுங்கள்.

* 'என் உறுதியான பிரசவ தேதி எது?' என்று டாக்டரிடம் கேட்டு, தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் எல்லோரும் அந்த ஒரே தேதியைச் சொல்லட்டும்.

* அடுத்தடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அப்போதுதான் அளவை வயதோடு ஒப்பிட்டு எழுதுவார்கள்.

* தேதி மாறி வந்தால், 'தேதி மாறிடுச்சா?' என்று கேட்பதைவிட, 'குழந்தையோட வளர்ச்சி வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கா?' என்று கேளுங்கள்.

* குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு ஏற்பட்டாலோ, தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது புடவை, வளையல், சீர்த்தட்டு, மாத்திரை டப்பா என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைப்பது வழக்கம். அந்தப் பையில் முதலில் வைக்க வேண்டியது, மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த அந்த ஒற்றைக் காகிதம். திருப்பூரில் விட்டுவந்திருந்தாலும் பரவாயில்லை... ஒரு போன் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் டாக்டர் கைக்கு வந்துவிடும்!